மிராசுதார் தலைமேல் ஆண் பூச்சி

கொசுவைப் போலவே இருந்தும் கடிக்கத் தெரியாத பூச்சிக்கு உலகத்தில் மரியாதையே கிடையாது. அதைத் தேடி அலைகிற பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. எழுபதுகளில், குடவாசல் பக்கத்து வயல்களில், அப்படி அலைந்தவள் நான்.

என்னிடம் பெண் பூச்சிகள் நிறையச் சேர்ந்திருந்தன. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம் என்று எனக்குச் சந்தேகம்.

"ஆண் கிடைக்காம புது இனம்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்கம்மா" என்றார் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர். (எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் ஏறக்குறைய இதே கவலை.) இந்தப் பூச்சி வளர்வது வயல் தண்ணீரில்; அறுவடைக்காக அதை வடித்துவிட்டால் பூச்சியும் போய்விடும்.

மிராசுதாருக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் கூலித் தகராறு முற்றியிருந்த நேரம் அது. வலையோடு வரப்பில் நடந்த என்னை, மிராசுதாரின் ஆட்கள் சங்கத்துக்காரி என்றார்கள். சங்கத்தாரோ, மிராசுதாரின் உளவாளி என்றார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் களத்துமேட்டில் பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் மிராசுதார், எதிரே அஞ்சலை தலைமையில் நடவுப் பெண்கள், நடுவில் லத்தியோடு போலீஸ். வாய்ச்சண்டை சூடேறிக்கொண்டிருந்தது. ஓரமாகப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். மிராசுதாரின் வழுக்கைக்கு மேலே புகைத்தூண் மாதிரி பூச்சிகள்! அப்படிக் கூடிச் சுழல்பவை ஆண்கள்தான்.

ஓடினேன். வீசினேன். வலை பூச்சிகளை அள்ளிக்கொண்டு நேராக இறங்கி, மிராசுதாரின் தலையைக் கழுத்து வரை மூடியது.

லத்திகள் உயர்ந்தன.

"அசையாதீங்கய்யா! உள்ள ஆண் மாட்டியிருக்கு!" என்று கத்தினேன்.

"அதான் பாத்தாலே தெரியுதேம்மா!" என்றாள் அஞ்சலை.

களமே சிரித்தது. இன்ஸ்பெக்டர் திரும்பி நின்றுகொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

"யாரு நீ? எந்தக் கட்சி?" வலைக்குள்ளிருந்து உறுமல்.

"விலங்கியல்ங்க."

"புதுசா ஆரம்பிச்சிருக்காங்களா?"

வலையின் நுனியை முறுக்கிப் பிடித்தபடி அவரை விடுவித்தேன். சிரிப்பு அடங்கவில்லை. "கேட்டதக் குடுத்துத் தொலைங்கய்யா!" என்று கணக்குப்பிள்ளையிடம் கத்திவிட்டு அவர் காரில் ஏறிவிட்டார். (கூலி உயர்ந்தது என் வலையால்தான் என்று அஞ்சலை ஊரெல்லாம் சொன்னாள். நான் மறுக்கவில்லை.)

ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் என் ஆண் பூச்சி படுத்திருந்தது. இறகு போன்ற உணர்கொம்பு. வயிற்று நுனியில் வேறெந்த இனத்துக்கும் இல்லாத வளைந்த கொக்கி. பேராசிரியர் கண்ணை எடுக்காமலே, "புதுசுதாம்மா!" என்றார். நான் பெஞ்சைச் சுற்றி வந்து ஆடினேன்.

ஆய்வுக் கட்டுரையில் பிடித்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். 'களத்துமேடு; மனிதத் தலைக்கு மேலே' என்று எழுதினேன். யாருடைய தலை என்று விஞ்ஞானம் கேட்கவில்லை.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "ஒரே வீச்சுல பூச்சியையும் பிடிச்சாங்க, மிராசுதாரையும் பிடிச்சாங்க. மிராசுதாரத் திருப்பிக் குடுத்துட்டாங்க!"