முன்பல்லுக்கு விற்ற மொட்டைமாடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். எங்கள் பற்கள் அதைவிடச் சுகம்.

வெட்கக்கேடே அங்கேதான். வீடியோவில் பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டு இருமல் என்றேனே, அது இருமல் இல்லை, புது முன்பல். எங்கள் குடியிருப்புக்கென்று பிளாக்செயினில் ஓட்டுக் காயின் செய்து கொடுத்தீர்களே, அதில் என் பங்கு மொத்தமும்தான் அதற்கு விலை.

உங்கள் யோசனையில் குறையில்லை. வீட்டுக்கு வீடு சமமாகக் காயின், காயினுக்கு ஒரு ஓட்டு, யாரும் கணக்கைத் திருத்த முடியாது. ஆனால் காயினைக் கைமாற்றலாம் என்றும் ஒரு வசதி வைத்தீர்கள் பாருங்கள், அது மூன்றாம் மாடிப் பல் டாக்டர் காதில் தேனாகப் பாய்ந்துவிட்டது. படிக்கட்டில் என்னை மடக்கி, "என்ன சார், முன்னால ஜன்னல் திறந்தே கிடக்கு? காயின் சும்மாதானே தூங்குது, இப்படித் தள்ளுங்க, மூடிடலாம்" என்றார். நானும் யோசித்தேன். ஓட்டை வைத்து முறுக்கா கடிக்க முடியும்?

அடுத்த வாரமே தீர்மானம் வந்தது: மொட்டைமாடியைப் பூட்டி டாக்டரின் உடற்பயிற்சிக் கருவிகளுக்கு ஒதுக்குவதாம். உங்கள் அத்தை பிடித்துக்கொண்டாள். "நம்ம வீட்ல பால்கனி கூடக் கிடையாது. நனைஞ்ச போர்வையை இனிமே உங்க தலையிலயா காயப்போடறது?" நான் நரைமீசை துடிக்கக் கூட்டத்துக்குப் போய், "காசு இருக்கறவன் ஓட்டை வளைச்சுப் போடறது அநியாயம்!" என்று கத்தினேன். "அநியாயம்!" என்று கூட்டமே வாயைத் திறந்தது. கண் கூசிவிட்டது மாப்பிள்ளை! அத்தனை வாயிலும் டியூப் லைட். காயின் வைக்கிற வாலட்டில் எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது என்றீர்கள், சிரித்தால் தெரிந்துவிடுகிறது. அடுத்த நொடி எல்லா வாயும் மூடிக்கொண்டது. பழைய பல்லோடு நிம்மதியாகச் சிரித்தவர் இரண்டாம் மாடி பியூட்டி பார்லர் அக்கா ஒருவர்தான்.

பிறகு நீங்கள் போனில் சொன்ன மருந்து: ஒரு ஓட்டுக்கு ஒரு காயின், இரண்டு ஓட்டுக்கு நான்கு, மூன்றுக்கு ஒன்பது, குவித்தவன் கை இளைத்துப்போகும். டாக்டர் பெருந்தன்மையாகச் சம்மதித்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வாலட்தானா என்று பார்க்க ஆளில்லையே! மனுஷன் காயினைச் சில்லறையாக்கி, டஜன் கணக்கில் வாலட் திறந்து, தன் மாமியார் போனில் அடைத்துவிட்டார். பெண்டாட்டியைவிட மாமியாரை நம்பிய முதல் ஆண்.

ஓட்டெடுப்பன்று அந்த அம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பொறுமையாக ஒவ்வொன்றாக அமுக்கினார். முடிவு: மொட்டைமாடி எல்லாருக்கும் பொது! டாக்டர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் மின்விசிறியைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, "மனசாட்சியை எந்த வாலட்லயும் பூட்ட முடியாது" என்று பேசினேன். டாக்டர் அவமானம் தாங்காமல் காயினையெல்லாம் குடியிருப்புச் சங்கத்திடமே கொடுத்துவிட்டார். மறுபடி சமமாகப் பங்கிட்டுக்கொண்டோம். பல்லை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆக, நியாயம் ஜெயித்தது. இருவரும் பல் தெரியச் சிரித்து நீடூழி வாழ ஆசி கூறும்,
உங்கள் மாமனார்.

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் டாக்டரின் மாமியாருக்கு நன்றி சொல்ல மொட்டைமாடிக்குப் போனேன். அடையாளமே தெரியவில்லை. பஞ்சாக இருந்த தலை கன்னங்கரேலென்று இருக்கிறது. "பார்லர் பொண்ணு தங்கம்ப்பா. ஓட்டு அன்னிக்குக் காலையில காசே வாங்காம சாயம் போட்டுவிட்டா. எதை அமுக்கணும்னும் அவதான் சொல்லிக்கொடுத்தா" என்றார். கொடி முழுக்கப் பார்லர் துண்டுகள், போர்வைக்கு இடமில்லை. உங்கள் அத்தை வாயே திறக்கவில்லை. அவள் தலையும் நேற்றிலிருந்து கறுப்பு.

என் மீசையும்.