குழந்தைசாமிக்கு வரி

எத்தனையோ ஊர் இருக்கிற சீமையிலே, திருமயம் பக்கத்திலே ஓர் ஊராம். அந்த ஊரிலே இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளுகிற ஒரு வீடாம். அதில் அடைக்கப்பன், அவர் மனைவி முத்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வேலையாள், குழந்தைசாமி.

ஒரு காலத்தில் அங்கே வெற்றிலைப் பெட்டி தூக்க ஓர் ஆள், குடை பிடிக்க ஓர் ஆள், பிடித்த குடையை மடக்க இன்னோர் ஆள் இருந்தார்கள். அடைக்கப்பன் அப்படித்தான் சொல்வார். மெட்ராசில் ஆபீசுக்குப் பஸ்ஸில் தொங்கிய காலமெல்லாம் இந்த வீட்டை நினைத்து ஏங்கினார். ரிட்டயராகி வந்தால், மிஞ்சியிருந்தது குழந்தைசாமி மட்டும். சின்ன வயதில் அவரோடு கோட்டைப் பாறையில் சறுக்கி டவுசர் கிழித்த அதே குழந்தைசாமி.

சாயங்காலமானால் குழந்தைசாமி காப்பி போட்டு வருவார். இருவரும் முற்றத்தோரம் உட்கார்ந்து, போய்ச் சேர்ந்தவர்களையெல்லாம் பேசிப் பேசியே எழுப்பிவிடுவார்கள். அந்த ஒரு வேளைக்காகத்தான் அடைக்கப்பனுக்கு மற்ற வேளைகளெல்லாம் ஓடின.

முத்தாளுக்கோ கொல்லையில் கத்தரிக்குப் பாத்தி கட்ட ஆள் வேண்டும். எப்போது கேட்டாலும், "குழந்தைசாமிக்கு ஏது நேரம்?" என்பார் அடைக்கப்பன்.

ஒரு நாள் காலையில் செல்போனைப் பார்த்துச் சிரித்தார்.

"முத்தா, இதக் கேளு. அந்தக் காலத்துல இங்கிலாந்துல வீட்டு வேலைக்காரன் வச்சிருந்தா மொதலாளி வரி கட்டணுமாம். ஆபீசர் வந்து, யாரு என்ன வேலை பாக்குறான்னு எழுதிக்கிருவாராம். பரிமாறுறவன், சாரட்டு ஓட்டுறவனுக்கெல்லாம் வரி. வயல்ல பாடுபடுறவனுக்கு இல்ல."

"ஆபீசர் வர்ற அன்னைக்கு எல்லாரும் வயல்ல நின்னிருப்பாங்களே!" என்றாள் முத்தாள். "நல்ல வரிங்க. நம்ம வீட்டுக்கும் வேணும். சொந்தச் சொகுசுக்கு ஆள் வச்சிருக்கவங்க தெனம் பாத்திரம் கழுவணும், அதான் வரி. சாயங்காலம் நாந்தான் ஆபீசர்."

அடைக்கப்பன் அடுக்களையில் குவிந்திருந்த பாத்திரங்களை எட்டிப் பார்த்தார். ஆனால் வழியையும் அவளே சொல்லிவிட்டாளே! குழந்தைசாமியைக் கொல்லைக்கு இழுத்துப் போனார்.

"இந்தா மம்பட்டி. ஆச்சி கேட்டா நீ தோட்டக்காரன்."

"அண்ணே, மம்பட்டி பிடிச்சு வருசக்கணக்காச்சே."

"வெட்டவா சொன்னேன்? வெட்டுற மாதிரி நில்லு."

சாயங்காலம் முத்தாள் வந்தாள். கையில் செல்போன். பேசுவதெல்லாம் அதில் ரெக்கார்ட் ஆகிக்கொண்டிருந்தது.

"குழந்தைசாமி, உங்களுக்கு என்ன வேலை?"

"தோட்ட வேலைங்க ஆச்சி."

"அப்ப இவுகளுக்குக் காப்பி போடுறது யாரு?"

குழந்தைசாமி வாழை மரத்தைப் பார்த்தார்.

"நாந்தான்," என்றார் அடைக்கப்பன்.

"வேட்டி தொவச்சு மடிக்கிறது?"

"நாந்தான்."

"கால் பிடிச்சு விடுறது?"

"என் காலு, என் கையி. நடுவுல யாரு?"

"அப்ப வரி இல்லங்க," என்றாள் முத்தாள். அடைக்கப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இங்கிலாந்தையே ஜெயித்த மாதிரி இருந்தது. "நீங்க சொன்னதப் பிள்ளைக வாட்ஸப் குரூப்புலயும் போட்டுட்டேன்," என்றாள் முத்தாள்.

அதற்குள் போன் சிணுங்கியது. சிங்கப்பூரிலிருந்து மகள் நித்யா: "அப்பாவா இவ்வளவு வேலை பாக்குறாங்க? இனிமே தினமும் போட்டோ அனுப்புங்கம்மா!"

அடைக்கப்பன் முற்றத்தோரம் போய்ச் சாய்ந்தார். "குழந்தைசாமி, காப்பி!"

"தோட்டக்காரர்கிட்டயா காப்பி கேக்குறீங்க?" என்றாள் முத்தாள். "தோட்டம் என்னோடது. பாத்தி கட்ட ஆள் கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்களே கையில மம்பட்டியும் குடுத்து நிறுத்திட்டீங்க."

விதைப் பொட்டலத்தைக் குழந்தைசாமி கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடைக்கப்பன் பரிதாபமாகப் பார்த்தார். "அப்ப நம்ம பேச்சு?"

குழந்தைசாமி மம்பட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"பேச்சுக்கென்ன வரியா போட்டாக? பாத்தி கட்டிட்டு வாரேண்ணே. எனக்கும் ஒரு டம்ளர் போட்டு வைங்க. சீனி தூக்கலா."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கொல்லைப் பக்கம் நடந்தார்.