மில்லில் யாருக்கும் அழுத்தம் இல்லை

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு, பூசை முடிந்து.

பாசமுள்ள அக்கா ஆரோக்கியமேரிக்கு, தம்பி சாம்சன் பணிவோடு எழுதுவது. மாதாவின் தயவில் நானும் என் வீட்டுக்காரியும் மகள் ஜெனிபரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். மாமாவின் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். விசாரிப்பு இத்தோடு முடிந்தது. போனில் சொன்னால் ஜெனிபர் காதில் விழும், அதனால்தான் காகிதம்.

ஹெல்த் சைக்காலஜி எம்.எஸ்சி. படிக்கட்டும் என்று கடம்பத்தூரிலிருந்து வந்து உட்கார்ந்து என்னைச் சம்மதிக்க வைத்தவள் நீ. உடம்பு நோயில் மனசுக்கு என்ன பங்கு என்று கண்டுபிடிக்கிற படிப்பு, முடித்தால் ஆஸ்பத்திரியில் வேலை என்றாய். முடித்தால்தானே. கடைசியாக, ஷிப்டு பார்க்கும் தொழிலாளிகள் அறுபது பேரிடம் ஒரு ஃபாரத்தில் டிக் வாங்கி ஆராய்ச்சி எழுத வேண்டுமாம். வருகிற வெள்ளிக்கிழமை கெடு, விட்டால் ஒரு வருஷம் போச்சு. என் வாய் சும்மா இருக்காமல், எங்கள் இரும்பு மில்லிலேயே வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஃபாரத்தின் தலைப்பு ‘மன அழுத்த அளவுகோல்’. ஒரு மாதத்தில் எத்தனை முறை எரிச்சல் வந்தது, தூக்கம் கெட்டது என்று பத்துக் கேள்வி. ‘ஒருபோதும் இல்லை’ தொடங்கி ‘எப்போதும்’ வரை ஐந்து கட்டம். பேர் எழுத வேண்டாம். அழுத்தம் என்றால் எங்கள் ஆட்களுக்குப் பிரஷர், அக்கா. போன வருஷம் செக்கப்பில் பிரஷர் ஏறியிருந்த நாலு காண்ட்ராக்ட் ஆட்களை உலைப் பக்கம் வரக்கூடாது என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னோடு உலையில் நிற்கும் தேசப்பன் ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இன்னாபா சாம்சா, பிரஷர் கீதான்னு கேக்குதா உம் பொண்ணு? கீதுன்னு போட்டா நாளைக்கு நான் ஊட்லதான் குந்திக்கினு இருக்கணும்.” அவ்வளவுதான். அறுபது ஃபாரமும் ஒரே மாதிரி வந்தன. எரிச்சல் வந்ததா, ஒருபோதும் இல்லை. அதை டிக் போடும்போதே ஜெகனும் பென்னியும் ஒரு பேனாவுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

காலேஜ் மேடம் பார்த்துவிட்டு, “உங்கப்பா வேலைக்குப் போறாரா, சொர்க்கத்துக்குப் போறாரா?” என்று கேட்டாராம். ஜெனிபர் அழவில்லை. அழுத்தம் என்று இருந்த இடத்திலெல்லாம், எங்கள் ஆட்கள் தொல்லைக்குச் சொல்கிற பேஜாரு என்று மாற்றினாள். “அவுங்க வார்த்தையில கேட்டாதாம்பா சொல்லுவாங்க” என்றாள். சொன்னார்கள், இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அறுபது பேரும் எப்போதும், எப்போதும் என்று டிக் போட்டு, பின்பக்கத்தில் கேன்டீன் சாம்பார், லேட்டாக வரும் ரயில், மச்சினன் கல்யாணத்தில் மரியாதை கிடைக்காதது வரை எழுதிவிட்டார்கள். “எனுக்குக் கீற பேஜாருக்கு இந்தக் கட்டம் பத்தாது நைனா” என்று தேசப்பன் தனியாக ரெண்டு தாள் வாங்கிக்கொண்டான். இது நரகம், இதுவும் ஆராய்ச்சி ஆகாது என்று மேடம் திருப்பிவிட்டார்.

நேற்றிலிருந்து பிள்ளை சாப்பிடவில்லை. படிப்பை விட்டுவிட்டு எங்கள் மில் கேட்டில் ஆள் பதிவு எழுதும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். முப்பது வருஷம் நான் உலை முன்னால் வெந்தது அவளும் அதே கேட்டில் வந்து நிற்பதற்கா? இவனுங்களில் ஒருத்தன், ஒரே ஒருத்தன் உண்மையை எழுதியிருந்தால் அவள் இப்படி ஒடிந்திருக்க மாட்டாள். மனுஷனுங்களா இவனுங்க? புதன்கிழமைக்குள் புறப்பட்டு வா. நீ சொன்னால் கேட்பாள்.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்களைக் காப்பாற்றட்டும், நேரம் இருந்தால் எங்களையும்.

உன் தம்பி,
சாம்சன்

பி.கு.: பேர் இல்லாத ஃபாரம்தானே, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அறுபதில் ஒன்று என்னுடையது. கேட்பது என் பிள்ளை என்று தெரிந்தும் கை முதல் கட்டத்துக்குத்தான் போனது, இரண்டாம் தடவை பக்கத்து ஆளைப் பார்த்துப் போட்டேன். மூன்று மாதமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். மில்லில் தெரியாது, வீட்டிலும் தெரியாது. நீ வந்ததும் அவளிடம் ஒரு வெற்று ஃபாரம் கேட்டு வாங்கு, யாருக்கு என்று சொல்லாதே.