நாலு பேருக்கு ஒரு ஸ்விட்ச்

மதிப்பிற்குரிய மாமா சங்கிலிமுத்து அவர்களுக்கு, சென்னையிலிருந்து உங்கள் அக்கா மகள் எழில் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கு நலமில்லை. தாயில்பட்டியில் நீங்களும் அத்தையும் நலமா? போனிலேயே சொல்லியிருப்பேன். ஃபோர்மேனான உங்கள் போனையும் பட்டாசுக் கம்பெனி கேட்டில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். வீட்டில் என்றால் அத்தை எடுப்பார்கள், உடனே அம்மா காதுக்குப் போய்விடும்.

எனக்கு வேலை போகப்போகிறது மாமா. எங்கள் ஆபீஸ் ஒரு வங்கியின் மெயின்பிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறது. பீரோ மாதிரி ஒரே இயந்திரம், அதற்குள் பன்னிரண்டு லினக்ஸ் குடியிருக்கின்றன, ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்ளும். இவை பேசிக்கொள்ள வழி செய்ய வேண்டும். ஆளுக்கொரு நெட்வொர்க் கார்டு கொடுக்கலாம், அத்தனை கார்டுக்கு எங்கே போவது. இயந்திரத்தின் நினைவகத்துக்குள்ளேயே வலை பின்னலாம், அது வாசல் தாண்டாது. மூன்றாவது வழி மெய்நிகர் ஸ்விட்ச், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓர் இணைப்புப் பெட்டி மாதிரி, எல்லாம் அதில் சேர்ந்து ஒரே கார்டு வழியாக வெளியே போகும். மேனேஜர் காளீஸ்வரன் சார் அதைத்தான் போடச் சொன்னார். பன்னிரண்டையும் ஒன்றாகப் போட எனக்குக் கை வரவில்லை. பட்டாசுக்கு வெடிமருந்து அடைக்கிற ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் ஆகாது என்று கேட்டுத்தானே வளர்ந்தேன். நாலு நாலாகப் பிரித்து மூன்று ஸ்விட்ச் போட்டேன், ஒன்றில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவாதபடி என்பதுபோல இடையில் வழியே வைக்கவில்லை. பணம் கொடுக்கும் லினக்ஸ் ஓர் அறையில், கணக்குப் பார்க்கும் லினக்ஸ் வேறோர் அறையில். காலை முழுக்க வங்கி நின்றுவிட்டது. "ஏம்மா, இதென்ன வெடிக்கிற சாமானா?" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். என் ஊரைக் கேட்டதும் இலவசமாகப் பட்டாசு கேட்ட கூட்டம் அது.

உயிரில்லாத லினக்சுக்கு ஒரு கார்டு செத்தால் ஏற்றுக்கொள்ள இன்னொன்று தயாராக நிற்கிறது. அம்மா முன்பு மருந்து அடைத்த அறையில் பதினொரு பேர், மாற்றுக் கதவை அட்டைப்பெட்டிகள் அடைத்திருந்தன. அதற்கு யாரும் விசாரணை வைக்கவில்லை. எனக்கு வருகிற திங்கட்கிழமை வைத்திருக்கிறார்கள். அதுவரை அம்மாவிடம் மூச்சுவிடாதீர்கள். தெரிந்தால் தீபாவளி சீசன் என்று மறுபடி மருந்து அறைக்குக் கிளம்பிவிடுவாள். வந்து கேட்டாலும் சேர்க்காதீர்கள். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

அத்தைக்கு என் அன்பு. கைக்கும் கண்ணுக்கும் குறையில்லாமல் உங்களுக்கு இந்த சீசன் கழியட்டும்.

இப்படிக்கு,
எழில்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அம்மா போன் செய்தாள். "ஏ புள்ள, ஒரு வாரமா ஒங் கொரலே சரியில்ல. அன்னைக்கே மாமங்கிட்ட சொல்லி மருந்து ரூமுக்குப் போக ஆரம்பிச்சுட்டேன். ஒனக்கும் ஒரு எடம் சொல்லி வச்சிருக்கான், பயப்படாத" என்றாள். ரூமில் எத்தனை பேர் என்று கேட்டேன். "அதெல்லாம் நெருக்கி ஒக்காந்துக்கிடலாம்" என்றாள். ஆகவே மேலே எழுதிய வணக்கங்கள் ரத்து. விசாரணைக்கு வரமாட்டேன் என்று சாருக்குச் சொல்லிவிட்டேன். இதைத் தபாலில் போடவில்லை, நானே கம்பெனி கேட்டுக்குக் கொண்டுவருகிறேன். முதலில் அம்மாவை வெளியே அனுப்புங்கள், அப்புறம் படிக்கலாம்.