புழுவுக்குப் போட்ட மனு

அறிவியலை விவசாயியின் வாசலுக்கே கொண்டுபோவது என்ற உயரிய நோக்கத்துடன் எங்கள் ஊரில் வேளாண் விரிவாக்க மையம் இயங்கி வருகிறது. இயங்குவது மின்விசிறிதான். மரியாதைக்காக மையம் இயங்குவதாகச் சொல்கிறோம்.

என் தங்கச்சி புருஷனின் மக்காச்சோளத்தில் புழு விழுந்தது. இருப்பதே ரெண்டு ஏக்கர், அந்த வருஷத்துச் சாப்பாடே அதுதான். புழு ஒன்றைச் சீசாவில் போட்டுக்கொண்டு நானும் மாப்பிள்ளையும் மையத்துக்கு ஓடினோம்.

எழுத்தர் புழுவின் பேரில் ஒரு படிவத்தை நீட்டினார். தகப்பனார் பெயர் கேட்ட இடத்தில் மாப்பிள்ளை தன் அப்பா பெயரை எழுதியதில், புழு எங்கள் சம்பந்தி வீட்டாராகிவிட்டது.

"பூச்சிப் பிரிவு ஐயா பயிற்சிக்குப் போயிருக்காரு. வர மூணு வாரம் ஆகும்."

"என்ன பயிற்சிங்க?"

"விவசாயியை விரைவா அணுகுவது எப்படின்னு."

"அதுவரைக்கும் ஏதாவது மருந்து..."

"ஐயா பார்க்காம மருந்தா? மாதிரி உயிரோட இருக்கணும். செத்தா மனு ரத்து. தீனி உங்க பொறுப்பு."

வயலில் இருந்த புழுக்கள் தாமே தேடித் தின்றன. அலுவலகப் புழுவுக்கு மட்டும் மாப்பிள்ளை தினமும் கொழுந்து இலை பறித்துக்கொண்டு போனான். ஒருநாள் அது கூடு கட்டிக்கொண்டு படுத்துவிட்டது.

"அசையவே மாட்டேங்குதே சார்."

"விடுப்புன்னு எழுதிக்கிறேன்," என்றார் எழுத்தர்.

பூச்சி ஐயா திரும்பியபோது சீசாவில் அந்துப்பூச்சி பறந்தது.

"மனுவில புழுன்னு இருக்கு. இது பூச்சி."

"அதே புழுதாங்க. இறக்கை முளைச்சிருக்கு."

"பதவி உயர்வுக்கு ஆதாரம் இருக்கா?"

இல்லை. ஆனாலும் ஐயா நல்ல மனுஷர், நேரிலேயே வந்தார். வயலில் வெறும் தட்டைகள் நின்றன. ஒருமணி நேரம் குனிந்து குனிந்து தேடிவிட்டு எழுதினார்: 'புழு ஏதும் தென்படவில்லை. நூறு சதவீதக் கட்டுப்பாடு.'

"பயிரே இல்லையே ஐயா," என்று தங்கச்சி அழுதாள்.

"பயிர் வேற பிரிவும்மா."

அடுத்த மாதமே மையத்தில் விழா வைத்து மாப்பிள்ளைக்குச் சிறந்த பூச்சி ஒழிப்பாளர் சான்றிதழ். கூடவே அடுத்த போகத்துக்கு இலவச விதை. அது இல்லாவிட்டால் ரெண்டு ஏக்கரும் தரிசு. வயிறெரிய மேடையேறியவன் ஒலிபெருக்கி முன் வாயைத் திறந்தான், விதை மூட்டையைப் பார்த்தான், மூடினான். மறுபடி திறந்தான்.

"ஐயாமாரு சொன்னபடியே செஞ்சேன். இப்ப என் வயல்ல ஒரு புழு கிடையாது."

அத்தனையும் சத்தியம். விவசாயிகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் இருந்தான் என்றால் அது நான்தான். ஆனால் இலவச விதைப் பட்டியலில் மாப்பிள்ளைக்கு அடுத்த பெயர் என்னுடையது. கை சிவக்கத் தட்டினேன்.