சிவப்பு எரிந்தால் அழைக்கவும்

பச்சை சார் ஷூவைக் கழற்றி, ஒரு காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தபோது போன் அடித்தது.

"சிவப்பு! மறுபடியும் சிவப்பு! என்னய்யா பண்றீங்க அங்க?"

"ஐயா, ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கொஞ்சம்…"

அழைத்தவர் வைத்துவிட்டார். எப்போதும் அப்படித்தான். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கமே அவருக்குக் கிடையாது.

நெடுஞ்சாலை போடும் இடத்தில் தூசி, சத்தம், சேறு, வெட்டிய மரம் எல்லாவற்றுக்கும் திட்டு வாங்குவது பச்சை சாரின் வேலை. சுற்றுச்சூழல் அதிகாரி என்பது வாய்க்கு நீளம் என்று சைட்டில் 'பச்சை' ஆக்கிவிட்டார்கள். சாலையை ஒட்டிய முதல் வீட்டுச் சுவரில் சத்தம் அளக்கும் பெட்டியை மாட்டியது அவர்தான். அளவுக்குள் இருந்தால் பச்சை விளக்கு, மீறினால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் அழைக்கவும் என்று தன் நம்பரை எழுதி ஒட்டியதும் அவர்தான்.

அந்த வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். சிவப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்காரத் தெரியாத மனிதர்.

"ஒரு வாரம் புகார் வராம ஓட்டிக் காட்டு. அப்புறம் லீவு கேளு," என்றிருந்தார் மேனேஜர்.

வீட்டில் மனைவி, "சீக்கிரம் வாங்க. பாப்பா உங்க போட்டோவக் காட்டி, இது எந்த மாமான்னு கேக்குறா," என்றிருந்தாள்.

முதலில் சாலையோரம் தகரத் தடுப்பு அடித்தார்கள். காற்றில் தகரம் தடதடத்தது. ரோலரே தேவலை என்றாகிவிட்டது. போன் வந்தது. தகரத்தைக் கழற்றினார்கள். கழற்றிய சத்தத்துக்கும் போன் வந்தது.

"காத்து நேரா பெட்டியில அடிக்குது சார். அதான் கண்டபடி காட்டுது," என்றார் எலக்ட்ரீஷியன்.

நியாயமாகப் பட்டது. பெட்டியை வராந்தாவுக்குள் கொண்டுபோய், பெரியவரின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். பெரியவருக்குப் பரம திருப்தி. இனி எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியதில்லை.

அதன்பிறகு போன் ஓயவில்லை. பச்சை சார் சாப்பிடும்போது வந்தது. குளிக்கும்போது வந்தது. முந்தைய போனுக்காக மேனேஜர் திட்டிக்கொண்டிருக்கும்போதும் வந்தது.

"பெட்டி பழுதா இருக்குமோ?"

"செக் பண்ணிட்டேன் சார். பெட்டி பக்கா. உங்க நேரம்தான் சரியில்ல."

கடைசியில் பச்சை சார், மேனேஜரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, எல்லா எந்திரத்தையும் கொஞ்ச நேரம் நிறுத்தச் செய்தார். ரோலர் நின்றது. பொக்லைன் கழுத்தைத் தொங்கப் போட்டது. ஜெனரேட்டர் அடங்கியது. யாரோ ஒரு ஆள் தும்மினார். சைட்டே திரும்பி அவரை முறைத்தது.

போன் அடித்தது.

"சிவப்பு! நிறுத்தவே மாட்டீங்களா?"

மேனேஜர் பச்சை சாரை மேலும் கீழும் பார்த்தார். "இங்க இன்னும் ஓடிட்டிருக்கிறது நீ ஒருத்தன்தான்யா. உன்னையும் நிறுத்திடவா?"

பச்சை சார் அந்த வீட்டுக்கு நடந்தே போனார். வண்டியை ஸ்டார்ட் பண்ணப் பயமாக இருந்தது.

வராந்தாவில் பெட்டி சாதுவாகப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் அவரைக் கண்டதும், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல, "வாங்க! வாங்க! உட்காருங்க!" என்றார்.

பெட்டி சிவந்தது.

பெரியவர் முகம் மாறியது. வந்தவரை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தார். பச்சை சாரின் சட்டைப்பை அலறியது. எழுதி ஒட்டியிருக்கும் நம்பருக்குத்தான் சொல்ல வேண்டும், ஆள் எதிரே நின்றாலும்.

பச்சை சார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர்ச் சொம்போடு மருமகள் வந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. எல்லா மெஷினையும் நிறுத்திட்டேன். இன்னும் எந்தச் சத்தம்தான் ஐயா காதைக் குடையுது?"

"அவர் காதையா?" என்றாள் அவள். "மாமாவுக்குக் காது கேட்டே பல வருஷம் ஆச்சே சார். நீங்க பெட்டிய உள்ள கொண்டாந்து மாட்டினதுலேர்ந்து, அது சிவக்கிறதே அவர் உங்களுக்குப் போன் பண்ணிக் கத்துறதாலதான்."