பலர்மோவில் சோலைவரி

அந்த வியாழக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். யோகனுக்கு வருமான வரி எவ்வளவு வரும் என்று உத்தேசமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வியாழன் பின்னேரம் இத்தாலியின் பலர்மோ நகரில் வீட்டு வேலை செய்யும் எங்கள் ஆட்களுக்கு அரைநாள் லீவு. யோகனும் நானும் கபோச் சந்தைக்கு மேலே, இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இத்தாலிய எசமானி அம்மாமாரைச் சிஞ்ஞோரா என்போம். அவன் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் சமையல். நான் இன்னொரு சிஞ்ஞோராவின் வயதான தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யோகனுக்கு அவசரம் இருந்தது. மனைவி வசந்தி வவுனியாவிலிருந்து ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்து வந்து, கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். பாஸ் முடிந்தால் அவள் திரும்பிப் போக வேண்டும், அதற்குள் இங்கே அலுவல் முடிய வேண்டும். மனைவியைக் கூப்பிட இத்தாலிக்காரர் இரண்டு விசயம் கேட்டார்கள். வரி காட்டிய வருமானம் ஒன்று, ஆள் இருக்கப் போதுமான வீடு மற்றது.

"வீடு கிடக்கு. வரிதான் பயமாக் கிடக்கு, மாஸ்டர்," என்றான்.

நான் ஒருநாளும் படிப்பித்தவன் இல்லை. தமிழும் இங்கிலீசும் படித்ததால் வந்த பட்டம். அதோடு, இனிப் போதும் என்று கொழும்புக்குத் திரும்பிப் போய்க் கடை போட்டு, கடை நட்டத்தில் படுத்து, மறுபடி பலர்மோவுக்கே வந்து சேர்ந்தவன். இரண்டு தரம் திரும்பியவனுக்கு உலகம் தெரியும் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

"சிஞ்ஞோரா சம்பளத்திலை வரி பிடிக்கிறேல்லை, நாங்கள்தான் போய்க் கட்டவேணும். முந்தி அரசாங்கத்துக்கு மட்டும். இப்ப சிசிலிக்கு ஒண்டு, நகரசபைக்கு ஒண்டு எண்டு புதுசா வந்திருக்காம்," என்றான் யோகன்.

அரசாங்க வரி எனக்கு விளங்கும். வருமானம் கூடக் கூட வீதமும் படிப்படியாக ஏறும். சிசிலி வரியை அதற்குக் கீழே ஒரு சின்ன வீதமாக எழுதினேன். நகரசபை என்றதும் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தேன்.

"நகரசபை வரியை எனக்குச் சொல்லித் தாறியோ? ஊரிலை நகரசபையிலை வரிப் பகுதிக் கிளாக்கா இருந்தவன் நான். அது சோலைவரியடாப்பா. வீட்டின்ரை பெறுமதியைப் பாத்து வீட்டுக்குப் போடுறது. ஆளுக்கில்லை."

"அப்ப ஒரு வீட்டிலை எத்தினை பேர் இருந்தாலும் ஒரு வரிதானோ?"

"ஓம்."

அந்த ஓமைச் சொல்லாமல் விட்டிருந்தால் எழுதுவதற்கு இன்றைக்கு ஒன்றும் இருந்திராது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனம் மலைக்குப் போகும். மலையில் இருப்பது பலர்மோவைக் காக்கும் புனிதை சாந்த ரொசாலியாவின் கோயில். சைவக்காரரும் திருநீற்றைப் பூசிக்கொண்டு போய் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அங்கே யோகன் என் கண்டுபிடிப்பை நாலு பேரிடம் கதைத்திருக்கிறான். சனம் மலையிலிருந்து இறங்குவதை விட வேகமாக அது இறங்கியிருக்கிறது.

முதலில் நகரின் ஓரத்துப் பிரான்காச்சோவிலிருந்து பஸ் ஏறி வந்தவன் தேவன். ஒரு வேலைத்தளத்தில் கூட்டித் துடைக்கிறவன். தனியாக ஒரு அறையில் இருந்தான்.

"அங்கை நான் ஒருத்தன் மாஸ்டர். முழுச் சோலைவரியும் என்ரை தலையிலை எல்லோ விழும்? என்னையும் உங்கடை வீட்டிலை பதிஞ்சு விடுங்கோவன். பிரிச்சுக் கட்டுவம்."

"நீ இஞ்சை இருக்கிறேல்லையே."

"பதிவுதானே மாஸ்டர் இருக்கப்போகுது. நானே?"

நியாயமாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு சிஞ்ஞோராக்களின் வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறவர்கள் வந்தார்கள். சிஞ்ஞோரா தன் வீட்டுச் சோலைவரியில் ஒரு பங்கைத் தங்கள் சம்பளத்தில் கழிப்பா என்று அவர்களுக்குப் பயம். எல்லாருக்கும் விண்ணப்பம் நிரப்பியது நான். அழகான கையெழுத்தில் நிரப்பினேன். எங்கள் வீட்டுப் பதிவு இரண்டிலிருந்து பன்னிரண்டானது.

இத்தாலியில் ஒருவர் விலாசம் மாற்றினால், அவர் உண்மையாக அங்கே இருக்கிறாரா என்று பார்க்க நகரசபைப் பொலிஸ்காரர் வீட்டுக்கு வருவார். அதை நான் எழுதி முடித்த பிறகுதான் கேள்விப்பட்டேன்.

கபோவில் பொலிஸ்காரர் தெருவில் திரும்பும்போதே செய்தி பல்கனிகளில் ஏறிவிடும். கீழ் வீட்டுச் சிஞ்ஞோரா மரக்கறி வாங்கக் கயிற்றில் இறக்கிய கூடையை அப்படியே விட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டா. அன்றும் வியாழன் பின்னேரம் என்பதால் தேவனும் இன்னும் நாலு பேரும் தற்செயலாக எங்கள் வீட்டில் கடுதாசிக் கட்டைப் பிரித்துச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பொலிஸ்காரர் உள்ளே வந்தார். மீசை நரைத்த, களைத்த மனுசன். கட்டில்களைப் பார்த்தார். கட்டில் இரண்டு.

"பன்னிரண்டு பேரும் எங்கை படுக்கிறனீங்கள்?"

"முறை வைச்சு," என்றேன்.

தான் இந்த வீட்டுக்காரன் என்று காட்ட வேண்டும் என்று தேவனுக்குத் தோன்றியிருக்கிறது. "இருங்கோ, கோப்பி போட்டுக்கொண்டு வாறன்," என்று எழும்பிப் போய்க் குசினி என்று ஒரு கதவைத் திறந்தான். அது யோகனின் உடுப்பு அலுமாரி. தேவன் மானமுள்ளவன். உடனே மூடாமல், கொஞ்ச நேரம் உள்ளே எதையோ தேடினான்.

பொலிஸ்காரர் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"பாவங்கள்," என்று சொல்லி, பன்னிரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள் என்று கையெழுத்து வைத்தார்.

இரக்கமுள்ள மனுசன். எல்லாச் சேதமும் அந்த இரக்கத்தால் வந்தது.

அடுத்த கிழமை, வீடு ஆட்களுக்குப் போதும் என்ற கடிதம் எடுக்க யோகன் நகரசபைக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்து கட்டிலில் இருந்தான்.

"என்னவாம்?"

"ஏற்கெனவே பன்னிரண்டு பேர் இருக்கிற வீட்டிலை மனுசியை எங்கை வைக்கப் போறாய் எண்டு கேக்கினம்."

"நீ என்ன சொன்னனி?"

"முறை வைச்சு எண்டு சொல்லேலுமே, மாஸ்டர்?"

அன்றைக்கு அவன் ரெலிபோன் கடைக்குப் போய் வசந்தியோடு கதைத்தான். நான் வெளியே நின்றேன். கண்ணாடிக்குள் அவன் கேட்டுக்கொண்டே நின்றான். வெளியே வந்து, "பாஸை ஒருக்கா நீட்டலாமாம். இன்னொருக்கா ஏலாதாம்," என்று மட்டும் சொன்னான். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அடுத்த நாள் தொழிற்சங்கத்தின் வரி உதவிக் கந்தோருக்கு இரண்டு பேரும் போனோம். அங்கே இருந்த அம்மா பன்னிரண்டு பேரானதும் நான் திருத்தி எழுதிய உத்தேசக் கணக்கை வாங்கி, கண்ணாடியை ஏற்றி வாசித்தா.

"இதென்ன, நகரசபை வரியைப் பன்னிரண்டாலை பிரிச்சிருக்கு?"

"சோலைவரி வீட்டுக்கு ஒண்டுதானே?" என்றான் யோகன்.

"வீட்டுக்கு வரி வேறை. அது வீட்டுச் சொந்தக்காரன் கட்டுறது. இது உங்கடை உழைப்பிலை, அரச வரிக்கு மேலை வைக்கிற சின்னத் துண்டு. நீங்கள் மாளிகையிலை இருந்தாலும் பாலத்துக்குக் கீழை இருந்தாலும் ஒண்டுதான். ஆளுக்கு ஆள்."

அவ கல்குலேற்றரில் தட்டிக் காட்டிய தொகை, நாங்கள் வரும் வழியில் குடித்த கோப்பியைவிடக் கொஞ்சம் கூட. அதற்குமேல், மனைவி இவன் செலவில் இருப்பதால் அரச வரியில் கழிவும் உண்டாம்.

"சோலைவரி எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

யோகன் என்னைப் பார்க்கவே இல்லை. "ஊரிலை ஒரு ஆள்," என்றான்.

"அந்த ஆளிட்டை இனிக் கேக்காதேங்கோ."

"ஓம்," என்று நானும் தலையாட்டினேன்.

பத்துப் பேரையும் பழைய விலாசங்களுக்கே மாற்றினோம். மறுபடி விண்ணப்பம், மறுபடி என் அழகான கையெழுத்து, மறுபடி அதே பொலிஸ்காரர். அவர் வந்து வெறும் அறையில் நின்றார்.

"மற்ற ஆக்கள் எங்கை?"

"போயிட்டினம்."

"பத்துப் பேருமோ? ஏன்?"

வரி என்று சொல்ல முடியாது. வாயில் வந்தது, "சண்டை."

"ஆரோடை?"

யோகன் பின்னால் நின்று என்னைக் காட்டினான்.

பொலிஸ்காரர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். "பாத்தால் அப்பிடியான ஆள் மாதிரித் தெரியேல்லை," என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

ஆனால் நகரசபையின் அளவுக்காரர் வந்து அறைகளை அளந்தபோது அந்த வீடு இரண்டு பேருக்குத்தான் போதும் என்று முடிந்தது. யோகன் ஒன்று, வசந்தி ஒன்று. யோகன் அதை எனக்குச் சொல்ல இரண்டு நாள் தயங்கினான். சொல்லி முடிக்க முதலே நான் பெட்டியை இறக்கிவிட்டேன். தேவன் பிரான்காச்சோவில் தன் அறையில் பாதியைத் தந்தான். குசினி எந்தக் கதவு என்று முதல் நாளே காட்டியும் தந்தான்.

வசந்தி பாஸ் முடிவதற்கு முன் வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டாள்.

"இந்த வீட்டுக்குச் சோலைவரி எவ்வளவு வரும், மாஸ்டர் அண்ணை?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றேன்.

வரி விசயத்தில் பலர்மோவில் நான் சொன்ன முதல் சரியான மறுமொழி அதுதான்.